பாலத்துக்கு இந்தப் பக்கம்

"ரெண்டு பேரும் அங்கே தனியா உட்கார்ந்து என்னதான் பண்றீங்க, பொழுது எப்படிப் போகுது?" போன் பண்ணுகிற எல்லாரும் கேட்பது இதைத்தான். மதுரையில் பக்கத்து வீட்டில் இருந்தவர், என்னோடு ஸ்கூலில் வேலை பார்த்த டீச்சர்கள், சிங்கப்பூரில் இருக்கிற மகன், தாம்பரத்தில் இருக்கிற மகள், எல்லாரும்தான். பாவம், தனியா இருக்கோமாம். 2025 எப்படிப் போனது என்று எழுதிப் போட்டுவிட்டால் இனிமேல் கேட்கிறவர்களுக்கெல்லாம் இதையே அனுப்பிவிடலாம் பாருங்கள், அதற்காகத்தான் இது.

முதலில் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினம் தாண்டி உள்ளே ஒதுங்கிய ஊர், என் வீட்டுக்காரர் பிறந்த ஊர். நான் பிறந்தது மதுரைப் பக்கம். ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆன இவர், நானும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும், "ஊருக்குப் போயிடலாமா" என்றார். கேள்வி மாதிரிதான் கேட்டார், ஆனால் அதற்கு முன்னாடியே கொத்தனாரைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

இங்கே வந்தவுடன் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது தண்ணீர்க் கணக்கு. போர் போட்டால் வருவது உப்புத்தண்ணி, துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது, குழாயெல்லாம் வெள்ளை பூத்துப் போகும். குடிக்க, சமைக்க காவிரிக் கூட்டுக்குடிநீர். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து இவ்வளவு தூரம் குழாயில் வருகிற தண்ணீர், வருகிற அன்றைக்கு வரும், வராத அன்றைக்கு ஊரணிதான். இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டு வாசலிலும் ஒரு தள்ளுவண்டி நிற்கும், குடம் வைக்க வட்டம் வட்டமாகக் கம்பி வளைத்த வண்டி. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து ஐஸ் வண்டியா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு வண்டியைத் தள்ளுவது இவர். ஆரம்பத்தில் ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், ஆம்பிளை தண்ணி வண்டி தள்ளுவது இங்கே பார்க்காத காட்சி. இவர் அசரவில்லை. இப்போது குழாயடியில் இவருக்கு என்று ஒரு இடமே இருக்கிறது, யார் வீட்டில் யாருக்குப் பொண்ணு பார்க்கிறார்கள் என்கிற செய்தி எனக்கு முன்னாடி இவருக்குத்தான் வருகிறது.

சரி, வருடத்துக்கு வருவோம். தையில் நெல் அறுப்பு. எங்கள் பங்கு நிலத்தை இவருடைய தம்பி முறை ஆகிற ஒருவர் வாரத்துக்குப் பார்க்கிறார், அதாவது விளைச்சலில் பங்கு. இந்தப் பக்கம் ஒரு போகம்தான், ஆவணி புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியது, ஐப்பசி கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் வைக்கோல். போன தையில் ஓரளவு தேறியது. பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள், அவித்த பனங்கிழங்கைப் பேரன் தும்பு தும்பாக உரித்து ஆராய்ச்சி பண்ணினானே தவிர சாப்பிடவில்லை. அவ்வளவுதான் பொங்கல்.

பெரிய விசேஷம் அதற்கப்புறம் வருகிற தை அமாவாசை. ராமேஸ்வரம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்றுக்கும் எட்டுகிற தூரத்தில் வீடு வைத்திருந்தால் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே வராது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை, இந்த மூன்றும் எங்கள் வீட்டில் தீபாவளியை விடப் பெரிது. "நம்ம வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்கு அத்தாச்சி" என்று போன் வரும், இருபது வருடம் பேசாதவர்களும் பேசுவார்கள். முந்தின நாள் ராத்திரி வேனில் வந்து இறங்கி, திண்ணை, ஹால், மொட்டை மாடி என்று படுத்து, விடியாத நேரத்தில் எழுந்து தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குப் போவார்கள். கடலுக்குள் ஒன்பது கல், நவக்கிரகமாக ராமர் வைத்து வழிபட்டது என்று நம்பிக்கை. குளித்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, ஈர வேட்டியோடு வந்து நிற்பவர்களுக்கு நானும் நாத்தனாரும் சமைத்து வைத்திருக்க வேண்டும், வாழைக்காய், பூசணி, பாசிப்பருப்புப் பாயசம். அன்றைக்கு மீன் கிடையாது. மறுநாள் கிளம்புவதற்கு முன்னாடி "இவ்வளவு தூரம் வந்துட்டு மீன் சாப்பிடாமப் போறதா மதினி" என்று ஆரம்பிப்பார்கள். அமாவாசைக்கு மறுநாள் சந்தையில் மீன் என்ன விலை என்று இவர்களுக்கு யார் சொல்வது!

எனக்கு இதில் சலிப்பு இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மதுரையில் இருந்த வரைக்கும், கல்யாண மண்டபத்தில் பந்திக்கும் மொய்க்கும் நடுவில் பார்த்த முகங்களை இங்கே ஈரத் தலையோடு, இறந்துபோன தன் அப்பா பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டுவிட்டு வந்த கையோடு பார்க்கிறேன். அன்றைக்கு யாரும் நிலத் தகராறு பேசுவதில்லை. மதியம் தூங்கி எழுந்த பிறகு பேசுவார்கள், அது வேறு.

இப்படி ஊரார் பிதுர்க்கடனுக்கெல்லாம் சமைத்துப் போடுகிறோமே, நாம் ஒருமுறை காசிக்குப் போகவில்லையே என்று எனக்கு ஒரு குறை. தையிலேயே கேட்டேன். அப்போது பிரயாக்ராஜில் கும்பமேளா நடந்துகொண்டிருந்தது, டிவியில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இவர் "அடங்கட்டும்" என்றார். பிப்ரவரி கடைசியில் மேளா முடிந்ததும் கிளம்பினோம்.

காசிக்குப் போகிறவர்கள் ராமேஸ்வரத்தில் ஆரம்பித்து ராமேஸ்வரத்தில் முடிக்க வேண்டும் என்பது முறை. இங்கே கடற்கரை மணலை லிங்கமாகப் பிடித்துப் பூஜை பண்ணி, அந்த மணலை எடுத்துக்கொண்டு போய் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கைத் தண்ணீர் எடுத்து வந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை கணக்கில் சேரும். மணலை மஞ்சள் துணியில் முடிந்து ஒரு டப்பாவில் வைத்துக் கொண்டுபோனோம். ராமேஸ்வரத்திலிருந்து பனாரஸுக்கு வாரம் ஒரு ரயில் இருக்கிறது, இரண்டு நாளுக்கு மேல் ஓடும். ஆனால் அப்போது பாம்பன் பாலத்தில் ரயிலே கிடையாது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திய பிறகு ராமேஸ்வரம் வண்டி எல்லாம் பெயரில் மட்டும்தான் ராமேஸ்வரம் வண்டி, தீவுக்குள் நுழையாமல் இந்தப் பக்கமே நின்றுவிடும்.

பிரயாகையில் வேணி தானம் என்று ஒன்று உண்டு. புருஷன் தன் மனைவிக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, பின்னல் நுனியில் கொஞ்சம் முடியை வெட்டிச் சங்கமத்தில் விட வேண்டும். எங்களுக்குக் கிடைத்த வாத்தியார் நல்லாத் தமிழ் பேசினார், "சார், மாமிக்குத் தலை வாரிவிடுங்கோ" என்று சீப்பைக் கையில் கொடுத்துவிட்டார். மில்லிமீட்டர் பிசகாமல் தண்டவாளம் பார்த்த மனுசன், மூன்று கால் பின்னல் பின்னத் தெரியாமல் வேர்த்துப்போனார். மகளுக்குக்கூட ஒரு நாள் பின்னிவிட்டதில்லை. எந்தக் காலை எதற்கு மேல் போடுவது என்று என்னிடமே கேட்கிறார், பின்னால் நடப்பதை நான் எப்படிப் பார்த்துச் சொல்வது? பக்கத்தில் கும்பகோணத்துத் தம்பதி ஒன்று, அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார், இன்னொரு பக்கம் ஒரு பெரியவர் யாரிடமும் கேட்காமல் அழகாகப் பின்னி முடிச்சுப் போட்டார், எல்லாப் பெண்களும் அவரையே பார்த்தோம். கடைசியில் எனக்கு வந்தது பின்னலா சடையா என்று சொல்ல முடியாத ஒன்று. ஆனால் இவர் முடியை இழுத்துவிடாமல், ஒரு சிக்கு வந்தால் சீப்பை நிறுத்திவிட்டு விரலால் பிரித்துப் பிரித்து எடுத்தது எனக்கு ரொம்ப நாள் நினைவில் இருக்கும். நரைத்த முடிதான், அதுவும் பாதி கொட்டிப்போனது. இதை மகளிடம் போனில் சொன்னபோது அவள் நம்பவே இல்லை.

கயாவில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை விட வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது. பிடித்ததை விட வேண்டும் என்பதுதான் கருத்து, ஆனால் பாகற்காயை விடலாமா, பப்பாளியை விடலாமா என்று ஆளாளுக்குச் சாமர்த்தியம் பண்ணுவதைக் காதால் கேட்டேன். இவர் யாரிடமும் கலந்து பேசாமல் கத்தரிக்காய் என்று சொல்லிவிட்டார். கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு இல்லாமல் வாரம் போகாத வீடு எங்கள் வீடு. நான் கத்தரிக்காயை விடவில்லை, எனக்குத் தனியாக ஒரு சட்டியா வைப்பது? இப்போது அந்தக் குழம்பு வேண்டுமென்றால் நாத்தனார் வீட்டுக்குத்தான் போகிறேன்.

காசியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் புதிதாக என்ன சொல்ல. அனுமன் காட் பக்கம் போனால் தமிழ்க்குரல் கேட்கும், பாரதியார் சிறுவயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த இடம் அங்கேதான். நகரத்தார் சத்திரத்திலிருந்து "சம்போ, சம்போ" என்று சொல்லிக்கொண்டே விஸ்வநாதருக்குப் பூஜைச் சாமான் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்ததும், எங்கோ காரைக்குடித் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. இவர் படித்துறைகளை விட கங்கை மேலே இருக்கிற ரயில் பாலத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

திரும்பி வந்தபோது இங்கே நோன்பு மாதம். தேவிபட்டினத்தில் எங்களுக்கு வேண்டிய ஒரு முஸ்லிம் அக்கா, லாத்தா என்றுதான் கூப்பிடுவோம், அவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும், பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் போட்டுக் குழைந்தது. காசியில் உடம்பு இளைத்துவிட்டது என்று லாத்தா எனக்கு மட்டும் இரண்டு வாளி அனுப்பினார். பெருநாளுக்குத் தொதல் என்கிற இனிப்பு வந்தது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது.

கங்கைச் சொம்பு பூஜை அறையில் இருந்தது. பஸ் ஏறினால் ரோட்டுப் பாலம் வழியாக ராமேஸ்வரம் போய் அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். இவர் விடவில்லை. "புதுப் பாலம் திறக்கட்டும், ரயில்லதான் போறோம்" என்று ஒரே பிடிவாதம். ஏப்ரல் 6, ராமநவமி அன்றைக்குப் பிரதமர் வந்து திறந்துவைத்தார், கூட்டம் குறையட்டும் என்று கொஞ்ச நாள் விட்டு ராமநாதபுரத்தில் ரயில் ஏறினோம்.

இவருக்குப் பாம்பன் பாலம் என்றால் வேறு மாதிரி. பழைய பாலம் 1914-ல் திறந்தது, கப்பல் வந்தால் நடுவில் இரண்டு பக்கமும் இலை மாதிரி மேலே தூக்கும், அதை ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் தூக்குவார்கள். உப்புக்காற்றில் அந்த இரும்பைக் காப்பாற்றுவது என்ன பாடு என்று இவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலைப் பயணிகளோடு கடல் வாரிக்கொண்டு போனது எல்லாருக்கும் தெரியும். அதே புயலில் பாலத்தின் கர்டர்களும் கடலுக்குள் போயின, அவற்றைத் தேடி எடுத்து 46 நாளில் பாலத்தை மறுபடி ஓடவிட்டவர் ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டினாரே அவர்தான். இந்தக் கதையை ரயிலில் எதிர் சீட்டில் இருந்த சேலத்துக் குடும்பத்துக்கும் சொன்னார். அவர்கள் செல்பி எடுத்துக்கொண்டே கேட்டார்கள்.

புதுப் பாலத்தில் நடுத்தூக்கு 72.5 மீட்டர் நீளம், லிப்ட் மாதிரி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும், எல்லாம் மின்சாரம், மோட்டார். மண்டபம் தாண்டி வண்டி வேகம் குறைந்ததும் ஜன்னல் பக்கம் ஒரே தள்ளுமுள்ளு. நான் கங்கைச் சொம்பை மடியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் கதவோரம் போய் நின்று, கடலைப் பார்க்காமல், பக்கத்தில் சும்மா நின்ற பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். புதுசு எப்படி இருக்கு என்று கேட்டேன். "சத்தம் கம்மியா இருக்கு" என்றார், அது பாராட்டா குறையா என்று தெரியவில்லை. அபிஷேகம் நல்லபடியாக முடிந்தது. 22 தீர்த்தமும் ஆடி, வாளித் தண்ணீர் தலையில் விழுந்து விழுந்து எனக்குச் சளி பிடித்தது.

அப்புறம் கோடை. பேரன், பேத்தி இரண்டு பேரும் லீவுக்கு வந்துவிட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று 61 நாள் கடலுக்குப் போக முடியாது, நாட்டுப்படகு மட்டும் போகும். பேரன் பேத்தி வருவது சரியாக அந்தச் சமயத்தில். தாம்பரத்துப் பிள்ளைக்கு வஞ்சிரம்தான் மீன், மற்றதெல்லாம் முள். தலையில் அலுமினியச் சட்டியோடு வருகிற மீன்காரம்மாவிடம் வஞ்சிரம் இருக்கா என்று அவன் கேட்க, "அது உங்க ஊர்லதான் இருக்கும் தம்பி, இங்க பிடிச்சதெல்லாம் அங்கதான் போகுது" என்றார். சூடை மீனும் நண்டும் காட்டி மெதுவாகப் பழக்கினேன். லீவு முடியும்போது நண்டுக் காலை உடைத்து உறிஞ்சுகிற அளவுக்குத் தேறிவிட்டான். காரங்காடு அலையாத்திக் காட்டுக்குப் படகில் கூட்டிப்போனோம், நுங்கு, பதநீர் எல்லாம் ஆனது, சிங்கப்பூர்ப் பேத்திக்குப் பதநீரின் சுண்ணாம்பு வாசம் பிடிக்கவில்லை.

அதே வெயிலில்தான் எங்கள் பக்கம் மிளகாய் காய்கிறது. குண்டு மிளகாய், உருண்டையாக, நல்ல சிவப்பு. ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததே தவிர, பறிக்க ஆள் கிடைக்கவில்லை. மானாவாரியில் விதைத்து, மாசியிலிருந்து சித்திரை வரை குனிந்து குனிந்து பறிக்க வேண்டிய வேலை, வயதான பெண்கள்தான் வருகிறார்கள், இளவட்டமெல்லாம் வளைகுடாவிலும் திருப்பூரிலும். களத்தில் காய்கிறபோது தெருவே தும்மும். கமிஷன் கடையில் விலை விழுந்த அன்றைக்கு எங்கள் தம்பி மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் பின்கட்டில் அடுக்கினார், வைகாசி முழுக்க நாங்கள் தும்மிக்கொண்டே தூங்கினோம். விலை கொஞ்சம் ஏறியதும் எடுத்துப் போனார். எதெதற்கோ பேசுகிறார்கள், மிளகாய்க்காரன் விலைக்கு ஒருத்தரும் பேசுவதில்லை.

ஆடியில் கச்சான் காற்று, வீடெல்லாம் மணல். அமாவாசைக் கூட்டம் போனதும் எங்கள் தெரு அம்மன் கோயிலில் முளைப்பாரி எடுத்தார்கள். நான் டீச்சர் என்பதால் வரவு செலவு நோட்டு என் தலையில். கும்மிப்பாட்டு சொல்லிக்கொடுக்கிற பாட்டிகளில் இரண்டு பேருக்குத்தான் இப்போது முழுப்பாட்டும் தெரிகிறது, செல்போனில் பதிந்து வைத்திருக்கிறேன். ஒருவர் பாடும்போது மற்றவர் "அப்படி இல்லடி" என்று குறுக்கே விழுகிற இடத்தையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஐப்பசிக்கு மேல் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியாச்சா என்பதுதான் ஊர்ப் பேச்சு. மழையும் வாடையும் வந்தால் வாசலை விட்டு இறங்க முடியாது, கரண்ட் இருக்காது, நானும் இவரும் அரிக்கேன் விளக்கில் தாயம் ஆடினோம். இவர் காயை வெட்டினால் கணக்கு, நான் வெட்டினால் அழிச்சாட்டியம். தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயம் என்று இந்த வருடம் அறிவித்தார்கள், மழை விட்டதும் போகலாம் என்று இவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை போயே ஆக வேண்டும், வழக்கமாக வருடத்தில் அந்தச் சமயத்தில்தான் மரகத நடராஜர் மேல் இருக்கிற சந்தனத்தைக் களைவார்கள். ராத்திரி முழுக்க வரிசையில் நிற்க முழங்கால் ஒத்துழைக்குமா என்பது வேறு.

இப்போது வீட்டில் ஓடுகிற பிரச்சினை பேத்தியின் காதுகுத்து. மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட எல்லாரும் வரும்போதே குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிடலாம் என்பது இவர் முடிவு. மருமகள் வீட்டில் மதுரையில் மண்டபம் பிடித்துச் செய்யலாம் என்கிறார்கள், தாய்மாமன் சீர் வரிசையாக வர வேண்டாமா, இந்தப் பொட்டலில் யார் பார்ப்பது என்று சம்பந்தி அம்மா கேட்டார். பார்க்கத்தான் எங்கள் தெரு மொத்தமும் இருக்கிறதே என்று நான் சொன்னேன். மகன் இரண்டு பக்கமும் "சரி, சரி" என்கிறான். இதற்குள் இவர் கிடாய்க்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார், சமையல்காரர்தான் இன்னும் கூலி எவ்வளவு என்று சொல்லவில்லை.